பாம்பன் தென்கடலில் ஒண்டாரியோ ஏரித் தூண்டில்: மூன்று நாள் நிகழ்வு ஆய்வு

போன மாசியில், கனடாவிலிருந்து வந்த ஒரு தூண்டில் கருவியைப் பாம்பன் தென்கடலில் (மன்னார் வளைகுடா) முயன்று பார்க்கப்போய், நாலரைக் கிலோ ஈயக்குண்டு ஒன்றைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தோம். கூடவே என் தாய்மாமா படகின் பக்கப்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு ஃபைபர் பிய்ந்துபோனது. அன்று மீன் ஒன்றுகூட இல்லை. மறுநாள் அதே கடலில், அதே படகில், இரண்டு சீலாவும் (சென்னையில் வஞ்சிரம், நாகர்கோவில் பக்கம் நெய்மீன் என்பதெல்லாம் இந்த மீன்தான்) ஒரு சூரையும் ஒரு கட்டாவும் ஏறின. மூன்றாம் நாள் கதை வேறு. கரையில் இதைப் பற்றி ஒரே வரிதான் ஓடிக்கொண்டிருக்கிறது: "கனடாக்காரன் சாமான் நம்ம கடலுக்கு ஆகாது." அது பாதிதான் சரி என்று எனக்குப் பட்டதால் மூன்று நாளையும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படகில் இருந்தது மூன்று பேர். மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வலைக்காரர், தூண்டில்காரர் இல்லை. நான் அவுட்போர்டு எஞ்சின் பழுது பார்ப்பவன். மாமா கூப்பிட்டால் கடலுக்குப் போவேன். மூன்றாவது ஆள் என் சித்தப்பா மகன். டொராண்டோவில் பத்து வருஷமாக இருக்கிறான். விடுமுறை நாள்களில் ஒண்டாரியோ ஏரியில் வாடகைப் படகில் போய் சால்மன், ட்ரவுட் பிடிப்பது அவனுக்குப் பழக்கம். இந்தத் தடவை ஊருக்கு வரும்போது பெட்டியில் துணிமணியைவிட இரும்பும் ஈயமும்தான் அதிகம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். "மாமா, நாளைக்கு ட்ரோலிங் போவமா?" என்று தம்பி கரையில் நின்று சத்தமாகக் கேட்டுவிட்டான். வலை பொத்திக்கொண்டிருந்த நாலு பேரும் தலை நிமிர்ந்தார்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்: இழுவைமடி. விசைப்படகு அடியோடு அள்ளிக்கொண்டு போகிற மடி. அதன்மேல் நாட்டுப்படகுக்காரனுக்கு எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இவன் சொன்னது அதுவல்ல. படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் இரையைத் தூண்டிலில் இழுத்துக்கொண்டு போவது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஓரெழுத்து, ஈரெழுத்துதான் வித்தியாசம். தமிழ்ப் பேச்சில் இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். இனி இதை இழுப்புத் தூண்டில் என்றே எழுதுகிறேன்.

பெட்டியில் வந்தது

தம்பி கொண்டுவந்ததில் முக்கியமானது டவுன்ரிக்கர். படகின் ஓரத்தில் இறுக்கிவைக்கும் ஒரு கைச்சக்கரம், அதில் சுற்றிய மெல்லிய இரும்புக் கம்பி, கம்பியின் நுனியில் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோ ஈயக்குண்டு. மாமா பார்த்தவுடன் "கிணத்து ராட்டினமா?" என்றார். அன்றிலிருந்து அதற்கு ராட்டினம் என்றே பெயர். குண்டுக்கு மேலே ஒரு சின்னக் கவ்வி இருக்கும். தூண்டில் நரம்பை அந்தக் கவ்வியில் மாட்டி, குண்டோடு சேர்த்து வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிடலாம். மீன் கடித்து இழுத்தால் நரம்பு கவ்வியிலிருந்து விடுபடும். அதன்பின் குண்டின் பாரம் தூண்டிலில் இருக்காது. மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம். மிக அருமையான யோசனை, அதில் சந்தேகமே இல்லை.

எதற்காக இவ்வளவு பாடு என்பதைத் தம்பி முதல் நாள் ராத்திரி திண்ணையில் சொன்னான். ஒண்டாரியோ ஏரியின் அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். கோடையில் மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டிச் சூடாகிவிடும். நன்னீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனமாக இருக்கும் என்பதால் குளிர்ந்த தண்ணீர் அடியிலேயே தங்கிவிடும், மேலும் கீழும் கலக்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய அடுக்கில் வெப்பம் சடாரென்று இறங்கும். சின்னூக் சால்மனுக்குப் பிடித்தது 12, 13 டிகிரி. ஏரி ட்ரவுட் அதைவிடக் குளிரைத் தேடும். ஆக, ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மீன் நிற்கிற இடம் ஒரு பாய் விரிப்பு மாதிரி ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் இருக்கும். அந்தப் பாயைக் கண்டுபிடித்து, இரையை அதில் வைத்து, மணிக்கு 2 முதல் 3 மைல் வேகத்தில் மெல்ல இழுக்க வேண்டும். ராட்டினம் பிறந்தது அதற்காகத்தான்.

இன்னொன்றும் சொன்னான். அந்த சால்மன் அந்த ஏரிகளுக்குச் சொந்த மீன் இல்லை, பசிபிக் கடலோர மீன். கடல் லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி உள்ளே நுழைந்து ஏரி ட்ரவுட்டை உறிஞ்சித் தீர்த்துவிட, தின்ன ஆளில்லாமல் ஏல்வைஃப் என்ற சின்ன மீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. நம் சூடை, சாளைக்கு உறவுக்கார மீன் அது. 1967-இல் அது செத்துச் செத்து மிச்சிகன் ஏரிக் கரையில் நாறியது. இப்படிப் பெருகியதைத் தின்னவைக்கத்தான் மிச்சிகன் மாநில மீன்வளத் துறையின் ஹோவர்டு டானர் அதற்கு முந்தின வருஷமே, 1966-இல், கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டார். 1967-இல் சின்னூக். மற்ற ஏரிகளும் பின்தொடர்ந்தன. "அப்ப கவர்மெண்டு விட்ட மீனத்தான் காசு குடுத்துப் புடிக்கிறியா?" என்று மாமா கேட்டார். தம்பி சிரித்தான், பதில் சொல்லவில்லை.

முதல் நாள்

காலை நாலரைக்குக் கிளம்பினோம். 24 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் எஞ்சின். மாசியில் தென்கடல் நல்ல மாதிரியாக இருக்கும். வாடைக்காற்று காலத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பொங்கும், தென்கடல் படுத்துக்கிடக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் அது அப்படியே தலைகீழ். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-உம் 1986 முதல் தேசியப் பூங்கா. தீவுப்பக்கம் போகவே கூடாது என்பதில் மாமா கறார். தீவுகளுக்கு வெளியே, எட்டுப் பாகம் தண்ணீரில் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) இழுக்க ஆரம்பித்தோம்.

தம்பி வெப்பமானியை இறக்கிப் பார்த்தான். மேலே 28 டிகிரி. ஐந்து பாகத்திலும் 28. கொஞ்ச நேரம் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் விரிப்பு இல்லை. பதினைந்து மீட்டர் தண்ணீரைக் காற்றும் அலையும் நீவாடும் (நீரோட்டம்) நாள் முழுக்கக் கலக்கிக்கொண்டே இருக்கிற இடத்தில் அது எப்படி இருக்கும்? அப்போதே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. "நடுத்தண்ணியில வைப்போம் அண்ணே" என்று ஆறு பாகத்தில் குண்டை நிறுத்தினான்.

வேகம் மணிக்கு இரண்டரை மைல். மாமா சுக்கானைப் பிடித்தபடி, "மாப்ளே, இது மீன் புடிக்கிற ஓட்டமா, தேர் இழுக்கிற ஓட்டமா?" என்றார்.

ஏழு மணிக்குள் இரண்டு கடி. இரண்டு தடவையும் கவ்வி விடுபட்டது, ராடு ஒருமுறை குனிந்தது, உடனே நிமிர்ந்தது. சுற்றிப் பார்த்தால் நரம்பின் நுனி பிளேடால் நறுக்கியது போல நேராக இருந்தது. இரைக்குப் பதிலாகக் கட்டியிருந்த வெள்ளித் தகட்டு ஸ்பூன் இரண்டும் போயின. சால்மனுக்கு இருப்பது ஊசி ஊசியான பல்; பிடித்துக்கொள்ளும், வெட்டாது. அதனால் அங்கே நுனிவரை நரம்பே போதும். சீலாவின் பல் அப்படி இல்லை. வாயைத் திறந்து ஒரு பக்கமாகப் பார்த்தால் முக்கோணமான தட்டைப் பற்கள் ரம்பம் மாதிரி ஒரே வரிசையில் நிற்கும். கரையில் செத்த மீனின் வாயில் விரல் விட்டவனுக்கும் தழும்பு உண்டு, என் இடது ஆள்காட்டி விரலில் இருக்கிறது.

எட்டரை மணி இருக்கும். படகு திடீரென்று பின்பக்கமாக இடது ஓரம் சாய்ந்தது. குண்டு பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், மாட்டிக்கொண்டது. எட்டுப் பாகம் என்று நினைத்துப் போன இடத்தில் ஒரு பார் மேடு ஐந்து பாகம் வரை எழும்பியிருக்கிறது. ராட்டினத்துக் கம்பி அறுகிற கம்பி இல்லை. எஞ்சின் முன்னால் தள்ள, கம்பி பின்னால் இழுக்க, அலை ஒன்று வந்து பின்பக்கத்தைத் தூக்கியபோது ராட்டினத்தை இறுக்கியிருந்த பக்கப்பலகை 'கரக்' என்று பிளந்தது. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. மாமா எஞ்சினை அணைத்துவிட்டு, வாய் பேசாமல் வெட்டுக் குறடை எடுத்துக் கம்பியை நறுக்கினார். பத்து விநாடி வேலை. அந்தப் பத்து விநாடியில் எனக்கு வியர்த்துக்கொட்டியது.

அன்று கரைக்குத் திரும்பும்வரை மாமா பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "பாரு மேல ஈயத்த இழுக்கிறவன் கடல்காரன் இல்ல."

எங்கே தப்பியது

கருவி கெட்டதாக இருந்ததால் இது நடக்கவில்லை. அது "எந்த ஆழம்?" என்ற கேள்விக்குச் செய்த கருவி. எங்கள் கடல் அன்று அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. எங்கள் கடல் கேட்டவை வேறு: எவ்வளவு வேகம், பல்லுக்கு என்ன பதில், அடியில் என்ன கிடக்கிறது.

வேகத்தை முதலில் எடுக்கிறேன். சீலா கண்ணால் பார்த்துத் துரத்தி வெட்டுகிற மீன். மெல்ல ஆடி வருகிற தகட்டை அது நிதானமாகப் பக்கத்தில் வந்து பார்க்கும், சந்தேகப்படும். ஐந்து, ஆறு கடல் மைல் வேகத்தில் தப்பி ஓடுகிற இரைக்குத்தான் யோசிக்காமல் பாயும். ஆனால் அந்த வேகத்தில் ராட்டினம் வேலை செய்யாது. தண்ணீரின் இழுவை வேகத்தின் இருமடிப்படி கூடும். தம்பியின் இரண்டரை மைல் என்பது கிட்டத்தட்ட 2.2 கடல் மைல். அதை 6 ஆக்கினால் கம்பியின்மேல் இழுவை ஏழு மடங்குக்கு மேல். குண்டு கீழே தொங்காது, படகுக்குப் பின்னால் மிதந்துகொண்டே வரும்.

அடித்தரை இரண்டாவது. ஏரி ட்ரவுட் பிடிக்கிறவர்கள் குண்டை வேண்டுமென்றே அடியில் தட்டித் தட்டி இழுப்பார்களாம். மணலும் சேறுமாக இருக்கிற ஏரியில் அது நடக்கும். தம்பி கையில் அந்தப் பழக்கம் ஊறியிருந்தது. குண்டு லேசாகத் தட்டியபோது "நல்லதுதான்" என்று விட்டுவிட்டான். இங்கே அடியில் கிடப்பது பார். உயிருள்ள பவளப்பாறை சட்டப்படி புலியோடு ஒரே அட்டவணையில் பாதுகாக்கப்படுவது. எங்கள் குண்டு விழுந்த மேட்டில் என்ன இருந்ததோ, என்ன உடைந்ததோ. மாமாவின் அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் எழுத ஒன்றுமில்லை.

மூன்றாவது பல். அதைச் சொல்லிவிட்டேன். எஃகுக் கம்பி இல்லாமல் சீலாவுக்குத் தூண்டில் போடக்கூடாது என்பது எங்கள் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். விருந்தாளி சாமானில் கை வைக்க வேண்டாம் என்று சும்மா இருந்தேன். அந்தத் தப்பு என்னுடையது.

இரண்டாம் நாள்

மாமா எங்களை இரைக்கு முரல் மீன் வாங்கச் சொன்னார். ஒரு முழத்துக்குக் குறைந்த முரல், கண் தெளிவாக, வயிறு உடையாமல்.

அவர் இரை கோத்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். முரலின் அலகை ஒரு விரற்கடை விட்டு மீதியை ஒடித்தார். எஃகுக் கம்பியைச் செவுள் வழியாக உள்ளே விட்டு வயிற்றில் ஒரு தூண்டில் முள்ளை வெளியே எடுத்தார். இன்னொரு முள்ளை அதே கம்பியில் தொடுத்து வாலுக்குப் பக்கத்தில் குத்தினார். "இது எதுக்கு மாமா ரெண்டாவது?" "சீலா முதல்ல வாலத்தான் வெட்டும். வெட்டுனத முழுங்கிட்டு அப்புறம் மிச்சத்துக்கு வரும். வர்றப்ப நீ இருக்கணும்ல, அதுக்கு." பிறகு வெள்ளை நூலால் முரலின் வாயை இறுக்கிக் கட்டினார். ஏழெட்டுச் சுற்று. வாய் திறந்திருந்தால் தண்ணீர் புகுந்து இரை சுழலும், சுழன்றால் தங்கூசு (நைலான் நரம்பு) முறுக்கேறிப் பாழாகும், மீனும் நெருங்காது. கோத்து முடித்ததும் படகோரத்தில் ஒரு பாகம் இழுத்துப் பார்த்தார். நேராக நீந்தியது. ஒன்று மட்டும் லேசாகப் புரண்டது. அதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

ராடு இல்லை, ரீல் இல்லை. முப்பது பாகம் தங்கூசு, நுனியில் ஒரு முழம் எஃகுக் கம்பி, நடுவில் தம்பி கொடுத்த ஸ்விவல், முறுக்கேறாமல் சுழன்றுகொடுக்கும் வளையம் (அதை மட்டும் மாமா வாங்கிக்கொண்டார்). தங்கூசைப் படகில் கட்டுகிற இடத்தில் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்று. மீன் அடித்தால் முதல் அதிர்ச்சியை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கடலில் அந்த டியூப்தான் எங்களுக்கு மணி: சாதாரணமாக ஒரு சாண் நீளம் துடித்துக்கொண்டிருக்கும், மீன் அடித்தால் ஒரு முழம் நீண்டு அப்படியே விறைத்து நிற்கும்.

கீழ்வானம் வெளுக்கும்போது ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து எழுவதைப் பார்த்தோம். அடியில் சூடை கொதித்துக்கொண்டிருந்தது. மாமா நடுவில் போகவில்லை. நடுவில் எஞ்சினை விட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று சுற்றி வளைத்து ஓரத்திலேயே ஓட்டினார். ஆறு மணிக்கு முதல் சீலா, நாலு கிலோ இருக்கும். பதினைந்து நிமிஷத்தில் அடுத்தது. பிறகு ஒரு சூரை. திரும்பும் வழியில் ஒரு கட்டா. ஒன்பது மணிக்கு மேல் ஒன்றுமில்லை. வெயில் ஏறியதும் ஆலாவும் போனது, சூடையும் இறங்கியது.

இந்த நாலு மீனை வைத்து மாமா வழிதான் சரி என்று முடித்துவிட முடியாது. எண்ணெய்க் கணக்கு போட்டுப் பார்த்தேன். மூன்றரை மணி நேரம் அந்த வேகத்தில் ஓட்டினால் டேங்க் காலி. மாமா ஒருநாளும் இழுப்புத் தூண்டிலுக்கென்று தனியாகக் கடலுக்குப் போகமாட்டார். வலை போட்ட இடத்துக்குப் போகும்போதும் வரும்போதும் எப்படியும் எரியப்போகிற எண்ணெய். அதன்மேல் ஒரு தூண்டில் சும்மா தொங்கும், அவ்வளவுதான். எங்களுக்காக அன்று தனியாக ஓட்டினார். விற்ற காசில் எண்ணெய் போக மிஞ்சியதைச் சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும்.

மூன்றாம் நாள்

தம்பியின் கேள்வியிலிருந்து இது ஆரம்பித்தது: "ஒம்பது மணிக்கு மேல மீன் எங்க போச்சு?" வெயிலுக்குக் கீழே இறங்கியிருக்கும் என்றார் மாமா. "அப்ப ஆழம் கேள்வியா வந்துருச்சுல்ல?" என்றான். மாமா பதில் சொல்லாமல் ராட்டினத்தை ஒருமுறை பார்த்தார். நல்ல கேள்வி என்று அவருக்குத் தோன்றினால் அப்படித்தான் பார்ப்பார்.

ராட்டினத்தை இந்தத் தடவை ஓரத்தில் இறுக்கவில்லை; குறுக்குப் பலகையில் போல்ட் போட்டு மாட்டினேன். தொலைந்த குண்டுக்குப் பதிலாக வலை ஈயங்களை உருக்கி மூன்று கிலோவுக்கு ஒரு கட்டி செய்தோம். மாமா அதில் ஒரு வேலை செய்தார். ஈயத்தை நேராகக் கம்பியில் மாட்டாமல், நடுவில் ஒரு முழம் பருத்தி நூல் வைத்துக் கட்டினார். பாரில் சிக்கினால் நூல் அறும், ஈயம் மட்டும் போகும், படகு பிழைக்கும். தம்பி அதைப் படம் பிடித்து அங்கே இருக்கிற சிநேகிதர்களுக்கு அனுப்பினான்.

பார் இல்லாத சேற்றுத்தரைக்கு, பன்னிரண்டு பாகத்துக்கு வெளியே போனோம். நுனியில் எஃகுக் கம்பி, இரை வாய் கட்டிய முரல், கவ்வியில் மாட்டி ஐந்து பாகத்துக்கு இறக்கினோம். வேகம் மூன்றரைக் கடல் மைல். ராட்டினத்துக்கு அது கொஞ்சம் அதிகம், சீலாவுக்குக் கொஞ்சம் குறைவு.

பத்து மணியிலிருந்து பதினொன்று வரை எதுவும் அசையவில்லை. சந்தேகப்பட்டுச் சுற்றி எடுத்தால் ஒரு சின்ன ஊளி மீன், வெளுத்துப்போய்ச் செத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கவ்வியை நான் இறுக்கி வைத்துவிட்டேன். சின்ன மீனுக்கு அதைப் பிடுங்க வலு இல்லை, ராடும் காட்டவில்லை. எவ்வளவு நேரமாக அதை இழுத்துக்கொண்டு திரிந்தோமோ. நல்ல இரையும் போச்சு, நல்ல நேரமும் போச்சு. ஏரியிலும் இதே தொல்லை உண்டு என்றான் தம்பி.

கவ்வியைத் தளர்த்தினோம். பதினொன்றே முக்காலுக்கு ராடு நிமிர்ந்தது, பிறகு வளைந்தது. இருபது நிமிஷம் ஆனது. ஆறு கிலோ சீலா. வயிற்றில் குத்திய முள்ளில் இல்லை, வால்முள்ளில் மாட்டியிருந்தது. உச்சி வெயிலில் இந்தப் பக்கம் சீலா தூண்டிலில் ஏறியதை மாமா பார்த்ததில்லை என்றார். அவர் உச்சி வெயிலில் தூண்டில் போட்டதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரு மீனை வைத்து ஒன்றும் நிறுவ முடியாது. அதே இடத்தில் அதே நேரத்தில் மேலாக ஒரு தூண்டிலும் கீழாக ஒரு தூண்டிலும் இழுத்துப் பத்து நாளாவது பார்க்க வேண்டும். மேல்தூண்டிலை அன்று நாங்கள் போடவே இல்லை. வடகடலில் இதை முயன்று பயனில்லை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்குள்தான், ராட்டினத்துக்கு அங்கே இறங்க இடமே இல்லை. ராட்டினமும் அதற்குள் உப்பில் பூத்துவிட்டது. நன்னீருக்குச் செய்த சக்கரம். மூன்று நாள் கழுவாமல் விட்டதில் பல்சக்கரம் இறுகி, நான் டீசலில் ஊறப்போட்டு எடுக்க வேண்டியதாயிற்று.

தம்பி பங்குனியில் கிளம்பிப் போனான். பக்கப்பலகையை ரெசின் வைத்து ஒட்டிவிட்டேன், பச்சைப் படகில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. போன வாரம் மாமா என் செல்லில் அவனுக்கு வாய்ச்செய்தி அனுப்பினார்: "மாப்ளே, அடுத்த வாட்டி வரும்போது அந்தக் கவ்வி நாலு, ஸ்விவல் அம்பது. குண்டு வேணாம், நாங்களே ஊத்திக்கிறோம். அந்தத் தகடுகள ஒங்க ஏரியிலயே வச்சுக்க."